பக்கம் கட்டும் கருவிகள்: உள்ளே நுழைவது எளிது, வெளியே எடுப்பது?

கோடு (கணினி நிரல்) எழுதத் தெரியாது, ஆனால் சொந்தமாக ஓர் இணையதளம் வேண்டும் என்று கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே இரண்டு மூன்று கருவிகளைத் திறந்து பார்த்தவர்கள். விக்ஸில் பாதிப் பக்கம், வேர்ட்பிரஸில் கால் பக்கம், யாரோ சொன்னார்கள் என்று இறக்கிய மென்பொருளில் வெறும் தலைப்பு. எதை முடிப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அந்தக் குழப்பம் நியாயமானதுதான். முதல் நாளில் எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி இருக்கும்: ஓரத்தில் பெட்டிகள், நடுவில் பக்கம், இழுத்து வைத்தால் படம் உட்கார்ந்துகொள்ளும். வேறுபாடு தெரிவது இரண்டாம் ஆண்டில்தான். அப்போது பழைய பக்கத்தைத் திருத்த வேண்டிவரும், கட்டணத்தைப் புதுப்பிக்க வேண்டிவரும், சிலருக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேறிடம் போகவும் வேண்டிவரும். அந்த இரண்டாம் ஆண்டை மனத்தில் வைத்தே இங்கே எடைபோடுகிறேன்.

பார்த்தபடியே திருத்துவது புதிய வசதி என்று நினைக்க வேண்டாம். 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் பிரௌசரிலேயே பக்கத்தைப் படிக்கவும் முடிந்தது, அங்கேயே திருத்தவும் முடிந்தது. பின்னால் வந்த பிரௌசர்கள் படிப்பதற்கு மட்டும் என்றாகிவிட, எழுதுவதற்குத் தனி மென்பொருள்கள் வந்தன. மைக்ரோசாஃப்ட் 1996-இல் வாங்கிய ஃப்ரன்ட்பேஜும் மேக்ரோமீடியா 1997-இல் வெளியிட்ட ட்ரீம்வீவரும் ஒரு தலைமுறைக்கே பக்கம் கட்டக் கற்றுக்கொடுத்தன. ஃப்ரன்ட்பேஜ் 2006-இல் நின்றுபோனது. அதில் செய்த எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் குறிமொழி) கோப்பை இன்றைய பிரௌசரில் திறந்தாலும் எழுத்தும் இணைப்புகளும் தெரியும். ஆனால் அதே ஃப்ரன்ட்பேஜ் கொடுத்த வருகைக் கணக்கியும் படிவமும், சர்வரில் (தளத்தை இணையத்தில் வழங்கும் கணினியில்) அதற்கென்றே போட்ட நீட்சி இருந்தால்தான் ஓடும். அவை மென்பொருளோடு சேர்ந்து போய்விட்டன. கோப்பாக நம் கையில் இருந்தது மிஞ்சியது, அவர்கள் சர்வரை நம்பி இருந்தது மறைந்தது. இன்றைய கருவிகளுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

## எதை வைத்து அளப்பது

நான் முதலில் பார்ப்பது வெளியேறும் வழி. சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரிந்து வெளிவரத் தெரியாமல் மாட்டிக்கொண்ட அபிமன்யுவின் நிலைதான் பல தள உரிமையாளர்களுக்கு. கட்டிய பக்கங்களைக் கோப்பாக இறக்க முடியுமா, இறக்கினால் எழுத்து மட்டும் வருமா, வடிவமும் வருமா, அதை வேறு ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடத்தில்) போட்டால் ஓடுமா என்று பார்க்க வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் தளம் ஓர் இலவசச் சேவையில் இருந்தது. மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு நான் பார்ப்பதை விட்டிருந்த மின்னஞ்சலுக்குப் போனது. தெரியவந்தபோது பக்கங்கள் இல்லை, என்னிடம் நகலும் இல்லை. அந்த எழுத்துக்களில் சில இன்னும் நினைவில் அரைகுறையாக இருக்கின்றன, அவ்வளவுதான். இது எனக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 1994-இல் தொடங்கி, 1999-இல் யாஹூ வாங்கிய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, சாதாரண மக்கள் கட்டிய எண்ணற்ற பக்கங்கள் ஒரே நாளில் இணையத்திலிருந்து விலகின. தன்னார்வலர்கள் ஓடிஓடி நகலெடுத்து வைத்தவை மட்டும்தான் இன்று காணக் கிடைக்கின்றன.

அடுத்தது கைபேசி. கணினித் திரையில் அழகாக இழுத்து வைத்தது 360 பிக்சல் அகலத்தில் எப்படி மடங்குகிறது? கருவி அதைத் தானாகப் பார்த்துக்கொள்கிறதா, இல்லை நீங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை கட்ட வேண்டுமா?

மூன்றாவது பராமரிப்பு: ஆறு மாதம் தொடாமல் விட்டால் தளம் அப்படியே இருக்குமா, உடையுமா, யாராவது உள்ளே புகுந்துவிடுவார்களா. நான்காவது முழுச் செலவு. விளம்பரத்தில் தெரியும் தொகையை விட்டுவிட்டு, மூன்று ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். கடைசியாக வேகம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகிளின் கோர் வெப் வைட்டல்ஸ் சொல்லும் அளவு. இழுத்துப் போடும் கருவிகள் பலவும் தங்கள் சுமையையும் சேர்த்து ஏற்றுவதால் இங்கேதான் தடுமாறும்.

"எளிதாக இருக்கிறதா" என்பதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கீழே வரும் முதல் மூன்றும் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

| | ஆன்லைன் பில்டர் | வேர்ட்பிரஸ் | கணினியில் நிறுவும் எடிட்டர் | கையால் எழுதுவது |
|---|---|---|---|---|
| முதல் பக்கம் வர | சில மணி நேரம் | ஓரிரு நாள் | ஓரிரு நாள் | சில வாரம் |
| வெளியே எடுத்தல் | மிகக் கடினம் | எழுத்து முழுதும் வரும். வடிவம் தீம் (தோற்றத் தொகுப்பு), பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) இரண்டையும் பொறுத்தது | கோப்புகள் உங்கள் கணினியிலேயே | கோப்புகள் உங்கள் கணினியிலேயே |
| கைபேசித் தோற்றம் | பாதி தானாக | தீம் நன்றாக இருந்தால் தானாக | கருவியின் வயதைப் பொறுத்தது | நீங்கள் எழுதுவதைப் பொறுத்தது |
| பராமரிப்பு | ஏறக்குறைய இல்லை | தொடர்ந்து வேண்டும் | மிகக் குறைவு | மிகக் குறைவு |
| மறைந்திருக்கும் செலவு | புதுப்பிப்புக் கட்டணம், அடுத்த நிலைத் திட்டம் | பிளகின் உரிமம், பழுது பார்ப்பு | படிவத்துக்கும் கருத்துரைக்கும் வெளிச் சேவை | உங்கள் நேரம் |

## ஆன்லைன் பில்டர்கள்

விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், கூகிள் சைட்ஸ் போன்றவை. கணக்குத் தொடங்கி, டெம்ப்ளேட் (ஆயத்த வடிவமைப்பு) எடுத்து, எழுத்தை மாற்றினால் தளம் தயார். ஹோஸ்டிங், பாதுகாப்புச் சான்றிதழ், அப்டேட் எதையும் நீங்கள் நினைக்க வேண்டியதில்லை. நடுராத்திரியில் தளம் விழுந்தால் எழுந்து சரிசெய்வது அவர்கள் வேலை. இந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கணினியோடு மல்லுக்கட்ட விருப்பமோ நேரமோ இல்லாதவருக்கு இது உண்மையான மதிப்புள்ள சேவை.

விலை வெளியேறும் இடத்தில் இருக்கிறது. விக்ஸில் கட்டிய தளம் விக்ஸின் சர்வரில்தான் ஓடும். அதை இறக்கி வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோக வழியில்லை. ஒரு டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்துக் கட்டிவிட்டால், அதே தளத்துக்குப் பின்னால் வேறு டெம்ப்ளேட் போடவும் முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸ் கொஞ்சம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது: எழுத்தையும் வலைப்பதிவையும் வேர்ட்பிரஸ் ஏற்கும் கோப்பாகத் தருகிறது, ஆனால் தோற்றம் சேர்ந்து வராது. கூகிள் சைட்ஸ் இலவசம், எளிமை, விளம்பரமும் கிடையாது. அதற்கு ஈடாக வடிவமைப்பில் கை கட்டிப்போட்டது போல இருக்கும். குழுவுக்குள் தகவல் பகிர அது போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கைபேசி விஷயத்தில் ஒரு பொறி உண்டு. விக்ஸின் வழக்கமான எடிட்டரில் கைபேசிக்குத் தனிப் பார்வை இருக்கிறது. அங்கே செய்யும் அடுக்கு மாற்றம் கணினிப் பார்வையைத் தொடாது. வசதிதான். ஆனால் ஒவ்வொரு முறை புதிய பெட்டி சேர்க்கும்போதும் இரண்டு இடத்தையும் பார்க்க வேண்டும். கணினியில் மட்டும் பார்த்துவிட்டு வெளியிட்ட தளங்களில், கைபேசியில் ஒரு பட்டன் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை அடிக்கடி காணலாம்.

செலவில் கவனிக்க வேண்டியவை: முதல் ஆண்டுக்கு மட்டும் இலவசமாகத் தரும் டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு, இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரப் பட்டையை எடுக்க மேல்நிலைத் திட்டம், டொமைன் பெயரில் மின்னஞ்சல் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம்.

வெப்ஃப்ளோ இந்த வகையில் சேரும், ஆனால் தனி ரகம். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்-இன் கருத்துக்களை மறைக்காமல், அவற்றையே பட்டன்களாகக் காட்டுகிறது. கட்டணத் திட்டத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். இறக்கியபின் அதன் படிவங்களும் தரவுத் தொகுப்பிலிருந்து வரும் பக்கங்களும் வேலை செய்யாது. முதன்முறை கட்டுபவருக்கு அது மிரட்டலாக இருக்கும். வடிவமைப்பைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர் அந்த மிரட்சியைத் தாண்டினால் நிறையக் கற்பார்.

## வேர்ட்பிரஸ்

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வேர்ட்பிரஸ்.காம் என்பது கணக்குத் தொடங்கிப் பயன்படுத்தும் சேவை. வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் கிடைப்பது 2003-இலிருந்து வளர்ந்துவரும் இலவச மென்பொருள். அதை நீங்கள் எடுத்த ஹோஸ்டிங்கில் நிறுவ வேண்டும். மக்கள் "வேர்ட்பிரஸில் எல்லாம் செய்யலாம்" என்று சொல்வது பெரும்பாலும் இரண்டாவதை.

2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து எழுதும் பகுதியே பிளாக் எடிட்டராக மாறிவிட்டது. பத்தி, படம், பட்டன், நெடுவரிசை எல்லாம் தனித்தனிப் பெட்டிகள். 2022-இல் வந்த 5.9 முதல், அதற்கேற்ற தீம் இருந்தால் தலைப்பகுதி, அடிப்பகுதியையும் அப்படியே கட்டலாம். புதியவருக்கு என் பரிந்துரை இதோடு நிற்பதுதான். பிளாக் எடிட்டர் தன் பெட்டிகளைச் சாதாரண எச்டிஎம்எல்லாகவே, நடுநடுவே குறிப்புகளோடு சேமிக்கிறது. நாளை வேறிடம் போனாலும் படிக்கக்கூடிய எழுத்து மிஞ்சும்.

பலர் இதோடு நிற்பதில்லை. கூடுதல் அழகுக்காக எலமென்டர், டிவி (Divi) போன்ற பேஜ் பில்டர்களை ஏற்றுகிறார்கள். அவற்றின் சக்தியை மறுக்கவில்லை. ஆனால் சோதித்துப் பாருங்கள்: எலமென்டரை அணைத்தால் எழுத்து மிஞ்சும், அடுக்கும் வடிவமும் கலைந்துவிடும். டிவியின் 4-ஆம் பதிப்பு வரை கட்டிய பக்கத்தில் பில்டரை அணைத்தால், உங்கள் எழுத்துக்கு நடுவே வரிசை வரிசையாகச் சதுர அடைப்புக்குறிக் குறியீடுகள் தெரியும். ஐந்து பக்கத் தளத்தில் அதைச் சுத்தம் செய்துவிடலாம். இருநூறு பக்கம் எழுதியவர் என்ன செய்வார்? வேர்ட்பிரஸுக்கு வந்ததே பூட்டில்லாத இடம் என்பதற்காக என்றால், அதற்குள்ளேயே இன்னொரு பூட்டை வாங்கி மாட்டுவதில் பொருளில்லை.

பராமரிப்பில் வேர்ட்பிரஸ் நிறையக் கேட்கும். மென்பொருள், தீம், பிளகின் மூன்றுக்கும் அப்டேட் வரும். உள்ளே புகுபவர்கள் தேடும் ஓட்டைகள் பெரும்பாலும் கைவிடப்பட்ட பிளகின்களில்தான் இருக்கும். அப்டேட் செய்யாவிட்டால் ஆபத்து, செய்தால் சில நேரம் ஏதாவது உடையும். ஆகவே பேக்கப் கட்டாயம்; அதுவும் அதே சர்வரில் இல்லாமல் வெளியே எங்காவது. இலவசப் பிளகின் ஒன்று தேவைப்படும் வசதியை மட்டும் கட்டணப் பதிப்பில் வைத்திருக்கும், அந்த உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதாக இருக்கும். நான்கு பிளகின்களுக்கு அப்படிக் கூட்டினால், விலை அதிகம் என்று ஒதுக்கிய ஆன்லைன் பில்டரையே தாண்டிவிடக்கூடும்.

## கணினியில் நிறுவும் எடிட்டர்கள்

இன்று பேசப்படுவது குறைந்துவிட்டது, ஆனால் வெளியேறும் கேள்விக்கு மிக நேர்மையான பதில் இவற்றிடம்தான் இருக்கிறது. பக்கம் உங்கள் கணினியில் ஒரு கோப்பு. ஃபோல்டரை நகலெடுத்தால் பேக்கப் முடிந்தது.

இங்கே கருவியின் வயதைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. "இலவச விசிவிக் எடிட்டர்" (பார்த்தபடியே திருத்தும் எடிட்டர்) என்று தேடினால் இன்றும் கிடைக்கும் கொம்போசரின் கடைசிப் பதிப்பு 2010-இல் வந்தது. பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட் பெரிய பிரௌசர்களுக்கு வந்தது 2017-இல். கொம்போசரில் கட்டினால் கைபேசிக்கு ஏற்ப மடங்கும் பக்கம் எதிர்பார்க்க முடியாது. அடோபி மியூஸ் இன்னொரு பாடம். கோடு தொடாமல் வடிவமைக்கலாம் என்று பலர் நம்பி இறங்கினார்கள். 2020 மார்ச்சில் அதற்கான ஆதரவு முடிந்தது. ஏற்கெனவே வெளியிட்ட எச்டிஎம்எல் இன்றும் ஓடும், ஆனால் மியூஸின் மூலக் கோப்பைத் திருத்த அந்த மென்பொருளே வேண்டும். எனவே கணினியில் நிறுவுகிறது என்பது மட்டும் போதாது. அது சேமிக்கும் கோப்பு எச்டிஎம்எல்லா, தன் சொந்த வடிவமா என்று கேளுங்கள்.

பைன்குரோ நேரடியாக எச்டிஎம்எல் கோப்பையே திறந்து, அதையே சேமிக்கிறது. ட்ரீம்வீவரும் அப்படியே, ஆனால் சந்தா கட்ட வேண்டும். இலவசத் திறமூல மென்பொருளான பப்ளி கொஞ்சம் வேறு வகை: எழுத்தைப் படிவம் போன்ற எடிட்டரில் எழுதினால் முழுத் தளத்தையும் நிலையான (அப்படியே திறக்கும் எச்டிஎம்எல்) கோப்புகளாகச் செய்து தரும். எழுத்தை மையமாகக் கொண்ட தளத்துக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். நிலையான கோப்புகளுக்கு கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு தளம் 1 ஜிபி வரை இருக்கலாம், எழுத்துத் தளத்துக்கு அது பெரிய இடம். தரவுத்தளம் இல்லாததால் உடைத்து நுழைய அதிகம் இல்லை, வேகமும் தானாக வரும்.

குறைகள் தெளிவானவை. தொடர்புப் படிவம், கருத்துரை, விற்பனை எதற்கும் வெளிச் சேவை வேண்டும். பயணத்தில் கைபேசியிலிருந்து திருத்த முடியாது. இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் யாரிடம் புதிய நகல் இருக்கிறது என்ற சிக்கல் ஒரு நாள் வந்தே தீரும்.

## கையால் எழுதி, பக்கத்திலேயே பார்ப்பது

"தொடக்கநிலையாளருக்கு இதுவா?" என்று கேட்கலாம். ஐந்து பக்கத் தளத்துக்கு வேண்டிய எச்டிஎம்எல் குறிகள் சுமார் இருபது. வலப்பக்கம் முன்னோட்டம் காட்டும் இலவச எடிட்டர்கள் இருப்பதால், தட்டத் தட்டப் பக்கம் மாறுவதைப் பார்க்கலாம். கடினமாக இருப்பது சிஎஸ்எஸ். அதற்குச் சில வாரங்கள் பொறுமை வேண்டும். அந்த வாரங்கள் இருப்பவர்களை நான் மனமார இங்கே அனுப்புவேன்.

மற்ற மூன்றில் எதை எடுத்தாலும் இதில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பிரௌசரில் எஃப்12 அழுத்தினால் திறக்கும் டெவலப்பர் கருவிகளில், எந்தப் பக்கத்தின் வண்ணத்தையும் இடைவெளியையும் மாற்றி அங்கேயே பார்க்கலாம். பக்கத்தைப் புதுப்பித்தால் மாற்றம் போய்விடும் என்பதால் பயமில்லாமல் தொடலாம். கைபேசி அகலத்தில் பார்க்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது.

## எந்தக் கருவியும் உங்களுக்காகச் செய்யாதவை

தலைப்பைப் பெரிதாகக் காட்ட எழுத்தளவைக் கூட்டுவது எல்லோரும் செய்யும் பிழை. தலைப்பு என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். திரைவாசிப்பான் கொண்டு படிப்பவருக்கும் தேடுபொறிக்கும் அது தலைப்பு என்று அப்போதுதான் தெரியும். படத்துக்கு மாற்று விளக்கம் எழுதுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது அணுகல்தன்மை விதி. படத்தின் மேல் வெளிர் எழுத்து வைக்கும் டெம்ப்ளேட்டுகள் இதில் அடிக்கடி தோற்கும். கேமரா எடுத்த 4000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றாமல் 1600 பிக்சலுக்குச் சுருக்கினாலே வேகப் பிரச்சினையில் பாதி தீரும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னும் சில. டெம்ப்ளேட்டின் அழகான எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், பிரௌசர் கணினியில் இருக்கும் ஏதோ ஒன்றை எடுத்துப் போடும், வடிவமைப்பே மாறிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் போன்றவற்றைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். வரி உயரத்தை 1.6-க்குக் கீழே குறைக்காதீர்கள், இல்லையென்றால் மேல்விலங்கும் கீழ்விலங்கும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஏழெட்டு எழுத்தில் முடியும் பட்டனில் "தொடர்புகொள்ளுங்கள்" என்று எழுதினால் கைபேசியில் வெளியே வழியும். டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே மாதிரி எழுத்தை நீக்கிவிட்டு உங்கள் நீளமான தமிழ்த் தலைப்பைப் போட்டுப் பாருங்கள். பல டெம்ப்ளேட்டுகள் அந்த இடத்திலேயே கழன்றுவிடும்.

## யாருக்கு எது

ஒரு மாத நிகழ்ச்சிக்குப் பக்கம் வேண்டும், முடிந்தால் எடுத்துவிடுவேன் என்றால் ஆன்லைன் பில்டர்; யோசிக்கவே வேண்டாம். வாழ்நாள் எழுத்தைத் தொகுத்து வைக்க விரும்புபவர் அங்கே போகவே கூடாது. அவருக்குப் பப்ளி போன்ற ஒன்றோ கையால் எழுதிய கோப்புகளோதான் பொருத்தம். வாரம் இருமுறை எழுதுகிறேன், நாலு பேர் சேர்ந்து எழுதுவோம், கருத்துரையும் வேண்டும் என்பவர்களுக்கு வேர்ட்பிரஸ், ஆனால் அப்டேட் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று முதலிலேயே பேசி முடிவுசெய்த பிறகு. அந்த ஒருவர் இல்லையென்றால், கைவிடப்பட்ட வேர்ட்பிரஸை விடச் சந்தா கட்டும் பில்டர் எவ்வளவோ மேல். சிறு விற்பனை செய்பவர் கட்டண வசதி ஏற்கெனவே பொருத்தப்பட்ட பில்டரில் தொடங்கட்டும்; பொருள் விவரங்களை மட்டும் தனி அட்டவணைக் கோப்பில் வைத்துக்கொள்ளட்டும். இதைத் தொழிலாக்க நினைப்பவர் கையால் எழுதக் கற்று, பிறகு வெப்ஃப்ளோ பக்கம் போகலாம். வரிசையை மாற்றினால் கருவி செய்வது ஏன் அப்படி என்று கடைசி வரை புரியாது.

## பணம் கட்டுவதற்கு முன்

டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், முடிந்தால் பில்டருக்கு வெளியே தனிப் பதிவாளரிடம் வாங்குங்கள். புதிதாகப் பதிந்த டொமைனைப் பொதுவாக முதல் 60 நாளுக்கு வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாது; அவசரத்தில் இது தெரியாமல் பலர் திகைக்கிறார்கள். எழுத்தையும் மூலப் படங்களையும் உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து கருவிக்குள் ஒட்டுங்கள்.

பிறகு ஒரு சோதனை. இலவசக் காலத்திலேயே ஒரே ஒரு பக்கத்தை முழுதாகக் கட்டுங்கள்: தலைப்பு, இரண்டு பத்தி, ஒரு படம், ஓர் இணைப்பு. கருவி தரும் ஏற்றுமதி வழி எதுவோ அதன்படி அதை இறக்குங்கள். எச்டிஎம்எல்லாக வந்தால், இணையத்தைத் துண்டித்துவிட்டு வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். வேர்ட்பிரஸ் தரும் ஏற்றுமதிக் கோப்பானால் வேறொரு வேர்ட்பிரஸில் ஏற்றிப் பாருங்கள். அதில் படங்களின் முகவரி மட்டுமே இருக்கும், ஆகவே படங்களைத் தனியே நகலெடுக்க வேண்டும் என்பதும் அப்போது தெரியவரும். ஏற்றுமதி என்று ஒன்றே கிடைக்கவில்லை என்றால், அந்தக் கருவியில் எத்தனை பக்கம் வரை கட்டலாம், மறுபடி கையால் தட்டச்சு செய்ய எத்தனை பக்கம் வரை உங்களால் முடியும் என்று ஓர் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.